கூரைக்கு வெளியே ஒரு குடும்பஸ்தர்

என் மாமனார் நல்ல வீடு ஒன்று கட்டியிருந்தார். ஓட்டு வீடு. தேக்கு வாசக்கால், கூடத்துக்கு இரண்டு பக்கமும் ஜன்னல், எந்த மழைக்கும் ஒழுகாத சமையலறை. அதற்குள் எங்கள் துணிமணி இருந்தது, பாத்திரம் பண்டம் இருந்தது, குதிரில் நெல் இருந்தது. மனுஷர்கள்தான் இருப்பதில்லை. அவர் இருக்க விட்டதில்லை.

கல்யாணமாகி அங்கே போன மறுநாள் காலையில் கண் விழித்துப் பார்த்தால், வீட்டில் ஒரு ஆள் இல்லை. வாசல் திறந்து கிடக்கிறது. அடுப்பில் நெருப்பு தணிந்திருக்கிறது. கும்பகோணத்தில் பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் வளர்ந்தவள் நான். சத்தமில்லாத வீடென்றால் எனக்குத் துக்க வீடுதான் ஞாபகம் வரும். பயந்துபோய் வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டு அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாரும் ஆத்துல இட்லி சாப்பிட்டுக்கிட்டிருப்பாங்க. போம்மா. புதுப்பொண்ணு தூங்கட்டும், எழுப்ப வேணாம்னு உங்க மாமாதான் சொல்லிட்டுப் போனாரு."

வெண்ணாற்றில் அப்போது தண்ணீர் கிடையாது. மணலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை, என் கணவர், நாத்தனார், கொழுந்தன், நடுவில் மாமா. என்னைப் பார்த்ததும் இலையை நகர்த்தி இடம் விட்டார். "வாம்மா, உக்காரு. இப்பத்தான் குடும்பம் முழுசா இருக்கு" என்றார். நேற்று நடந்த கல்யாணத்தைவிட அந்த இட்லிதான் அவருக்கு முக்கியமான சடங்கு போலிருந்தது.

வயலை விரும்புகிறவர்கள் தனியாக வயலுக்குப் போவார்கள். குடும்பத்தை விரும்புகிறவர்கள் வீட்டோடு கிடப்பார்கள். அவருக்கு இரண்டும் வேண்டும். கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் நெஞ்சை அடைக்கிறது என்பார். பெண்டாட்டி பிள்ளைகள் பக்கத்தில் இல்லாவிட்டால் சோறு இறங்கவில்லை என்பார். ஆகையால் அவர் எங்கே போகிறாரோ அங்கே வீடும் போகும். நடவு சமயம் மதியச் சாப்பாடு வரப்பில். கோடையில் இரவுச் சாப்பாடு ஆற்று மணலில். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வது பம்புசெட்டில். மழை வந்தால்கூட எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டு போய் மாட்டுக்கொட்டகைத் தாழ்வாரத்தில் நிற்கவைத்து, "எப்படிப் பெய்யுது பாருங்க" என்பார். நாங்களும் பார்ப்போம்.

இத்தனைக்கும் கூடையைத் தூக்கியவர் அத்தை. பெரிய பிரம்புக்கூடை. சோறு, குழம்பு, மோர், அதற்கு மேல் மடித்த இலைக்கட்டு. அதைத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாக நடக்கும்போது என்னிடம் சொல்வார்: "எங்கப்பா என்னைக் கட்டிக்கொடுத்தது வீடு இருக்குற மாப்பிள்ளைன்னு விசாரிச்சுத்தான்." சிரிக்கவும் மாட்டார், சலித்துக்கொள்ளவும் மாட்டார். வானிலை சொல்வது போலச் சொல்வார்.

என்னைப் பெண் பார்க்க வந்ததும் இந்த லட்சணத்தில்தான். கடை மாடியில் மின்விசிறியைச் சுழலவிட்டு, ஜமுக்காளம் விரித்து, கேசரி, பஜ்ஜி எல்லாம் வைத்திருந்தோம். கால் மணி நேரம்கூட அவரால் உட்கார முடியவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தவர், "சம்பந்தி, கொஞ்சம் காத்தாடப் போயிட்டு வருவமா?" என்று கேட்டார். பெண் பிடிக்கவில்லை, அதை மறைக்கிறார் என்று என் அப்பா நினைத்துவிட்டார். கடைசியில் இரண்டு வீட்டாரும் ஜட்கா பிடித்துத் தாராசுரம் போனோம். கோயிலுக்குள் புல்தரையில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் பிராகாரத்தைச் சுற்றிச்சுற்றி வந்தார். சிற்பத்தை ரசிக்கிறார் என்று அப்பா கூடவே போனார்.

"தரை பள்ளமால்ல இருக்கு. மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் வடியும்?" என்று கேட்டாராம்.

அப்பாவுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் கோயிலுக்குப் போகிறவருக்குத் தோன்றாத கேள்வி. திரும்பும்போது ஜட்காவில் ஏறுமுன் மாமா சம்மதம் சொன்னார். "பொண்ணு செருப்பில்லாம நல்லா நடக்குது. எங்களுக்குப் பிடிச்சிருக்கு." கோயிலுக்குள் எல்லோரும்தான் செருப்பில்லாமல் நடக்க வேண்டும் என்று அப்பா அங்கே சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

என் கணவர் தஞ்சாவூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தார். தினமும் பாசஞ்சர் ரயிலில் பூதலூருக்கு வந்து இறங்குவார். மாமா தினமும் ஸ்டேஷனுக்குப் போய்விடுவார். பிளாட்பாரத்தில் கூரை முடிகிற இடத்துக்கு அப்பால், வேப்பமரத்தடியில் நிற்பார். ரயில் தாமதமானால் அவரும் தாமதமாவார். என் கணவருக்குக் கூச்சம். கூட வருகிறவர்கள் கிண்டல் செய்கிறார்களாம்.

"அப்பா, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. நானே வந்துடுவேன்."

"கல்யாணம் ஆனவன்னா பூச்சி பொட்டு கடிக்காதா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த நாளிலிருந்து என்னையும் சேர்த்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்தார்.

குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று நாத்தனார் ஆசைப்பட்டபோது, தஞ்சாவூர் ஸ்டூடியோவுக்குப் போக மாட்டேன் என்றுவிட்டார். இருட்டறையில் உட்காரவைத்துத் திரைச்சீலையில் வரைந்த மலையைக் காட்டுகிறார்கள், நம்மிடம் இல்லாத இயற்கையா என்பது அவர் வாதம். போட்டோக்காரரை வயலுக்கே வரவழைத்தார். உச்சி வெயில். படத்தில் எங்கள் எல்லோருக்கும் கண் இல்லை, இடுக்கிக்கொண்டிருக்கிறோம். மாமாவுக்கு முகமே இல்லை. சரியாக அந்த நொடியில் பயிரில் ஒரு ஆடு வாய் வைத்திருக்கிறது. அவர் திரும்பி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதைத்தான் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினோம். அவர் அதைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை, கூடத்துக்குள் வந்தால்தானே.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத ஒரு தை மாதமும் வந்தது.

ஊர்களில் கொடிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. பஸ் நிற்கிற இடத்தில் கறுப்பு சிவப்புக் கொடி. விவசாயக் கூலிக் குடும்பங்கள் இருந்த கீழத்தெரு முனையில் செங்கொடி. டீக்கடை ரேடியோவில் நில உச்சவரம்பு பற்றிப் பேச்சு. கிழக்கே கடலோர ஊர்களிலிருந்து வருகிற சேதிகளை ஆண்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லிக்கொள்வார்கள். எங்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம். அதைவிட அதிகம் ஊரின் மிராசுதாரரிடம் குத்தகைக்கு எடுத்தது. பெரிய வீடு என்றால் அவர் வீடுதான். அவர் குடும்பத்து வயலில் மாமாவின் அப்பா காலத்திலிருந்து எங்கள் சாகுபடி. எல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்தில் எதுவும் இல்லை.

அந்த வருஷம் சம்பா கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கும்போது, கூலி நெல்லைக் கூட்டித் தந்தால்தான் அரிவாள் எடுப்போம் என்று கீழத்தெருக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மிராசுதாரர் தெற்கேயிருந்து லாரியில் ஆள் இறக்கப் போகிறார் என்றார்கள். இறங்கினால் வெட்டு குத்து நிச்சயம் என்றார்கள். தாசில்தார் சொல்லி, பெரிய வீட்டில் ஒரு பேச்சுவார்த்தை ஏற்பாடானது.

பெரிய வீட்டில் பேச்சுவார்த்தை என்றால் ஒரு முறை உண்டு. மிராசுதாரரும் நிலம் வைத்திருக்கிறவர்களும் கூடத்தில் உட்காருவார்கள். குத்தகைக்காரர்கள் கூடத்து ஓரமாக. கீழத்தெரு ஆட்கள் வாசலுக்கு வெளியே நிற்பார்கள். உள்ளே பேசுவதை ஒருவர் வெளியே வந்து சொல்ல வேண்டும், வெளியே சொல்வதை உள்ளே போய்ச் சொல்ல வேண்டும்.

மாமா வாசற்படி வரைக்கும் போனார். அங்கேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாய்யா" என்றார் மிராசுதாரர்.

"இல்லீங்க. உள்ள ரொம்பப் புழுக்கமா இருக்கு. எனக்கு நெஞ்சை அடைக்கும். களத்துல போய்ப் பேசலாமே, நல்லா காத்து வருது."

கூடத்தில் சிரித்திருக்கிறார்கள். அவருடைய கிறுக்கு ஊருக்கே தெரியும். மிராசுதாரரும் சிரித்துக்கொண்டே, சரி, இவனுக்காகப் போவோம் என்று எழுந்துவிட்டார். களத்துக்கு வந்த பிறகுதான் என்ன நடந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. களத்தில் உள்ளே, வெளியே கிடையாது. ஏற்கெனவே அங்கே போய் உட்கார்ந்துவிட்ட கீழத்தெருக்காரர்கள் மண்ணில் இருக்கிறார்கள். குத்தகைக்காரர்களும் அதே மண்ணில் உட்கார்ந்தார்கள். நடவுக்காரப் பெண்களுக்குத் தலைவி போல ஒரு அம்மா இருந்தார், வாய்ப்பேச்சில் வல்லவர். அவர் மிராசுதாரர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, தங்கள் கோரிக்கை நியாயம்தான் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். நடுவில் தூது போக யாருக்கும் வேலை இல்லை. மிராசுதாரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மற்றவர்கள் பேசிக் கூலியை ஒத்துக்கொண்டார்கள். மறுநாள் எங்கள் வயலில்தான் முதலில் அரிவாள் இறங்கியது.

அன்று மாலை நான் கேட்டேன். "மாமா, நெசமாவே புழுக்கமா இருந்துச்சா?"

"நெசமாத்தாம்மா. அந்தக் கூடத்துல ஒரு ஜன்னலாவது இருக்கா?"

முகத்தை ஊன்றிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவர் எல்லாம் யோசித்துத்தான் செய்தார் என்று என் கணவர் சொல்வார். அவருக்கு அவ்வளவு யோசனை கிடையாது, நிஜமாகவே காற்றுக்குத்தான் ஆசைப்பட்டார் என்று அத்தை சொல்வார். இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

அறுவடை முடிந்ததும் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. குத்தகை நிலத்தைவிட்டு இறங்கிவிட வேண்டும், டிராக்டர் விட்டு உழுது ஐயாவே சாகுபடி பார்க்கப் போகிறார். மாமாவும் என் கணவரும் தஞ்சாவூரில் ஒரு வக்கீலைப் பார்த்தார்கள். வக்கீல் சொன்னது இதுதான்: குத்தகையைப் பதிவு செய்ய மனுப் போடுங்கள். தாலுகா ஆபீசிலிருந்து வருவாய் ஆய்வாளர் நேரில் வந்து, யார் அனுபவத்தில் நிலம் இருக்கிறது என்று பார்ப்பார். அவர் வருகிறவரைக்கும் வயலை விட்டு நகராதீர்கள். முடிந்தால் குடும்பத்தோடு அங்கேயே இருங்கள்.

இதைக் கேட்டுவிட்டு என் கணவர் வெளிறிப்போய் வீடு வந்தார். மாமா முகத்தில் திருவிழாக் களை. நிலம் போய்விடுமோ என்ற கவலை அவருக்கும் இருந்திருக்கும், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் குடும்பத்தோடு வயலில் இரு என்று வக்கீலே சொல்லிவிட்டார். "சட்டமே சொல்லுது" என்று அத்தையிடம் போய்ச் சொன்னார். அத்தை கூடையை எடுத்து அலம்பினார்.

அறுப்புக்கு முன்னால் விதைத்த உளுந்து, அறுத்த தாள்களுக்கு நடுவே இரண்டு இலை விட்டிருந்தது. அதை மிதிக்காமல் வரப்போரமாகக் கீற்றுப் பந்தல் ஒன்று போட்டோம். அடுப்புக் கூட்டினோம். நான் அப்போது மாசமாக இருந்தேன். எனக்கு மட்டும் ஒரு கயிற்றுக்கட்டில். பந்தலும் ஒரு கூரைதானே என்று அவர் அதற்குள் வரவில்லை. வெளியே வைக்கோலில் படுத்துக்கொண்டு, எந்த நட்சத்திரம் எப்போது மேலே வரும் என்று கொழுந்தனிடம் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்குப் பயமாக இருக்கும். அவர் அவ்வளவு நிம்மதியாகப் பேசுவதைக் கேட்டால் பயம் கொஞ்சம் குறையும், கோபம் கொஞ்சம் கூடும்.

ஒரு காலையில் டிராக்டர் வந்தது. பின்னாலேயே பெரிய வீட்டு ஆட்கள், கையில் கம்பு. நாங்கள் பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வண்டி இறங்குவதற்கு வரப்பை வெட்டி வழி வைத்திருந்த இடத்தில்தான் இலை போட்டிருந்தது. அந்த இடம் சமமாக இருக்கிறதென்று அத்தை அங்கே போட்டிருந்தார்.

டிரைவர் பக்கத்து ஊர்ப் பையன். வண்டியை நிறுத்திவிட்டு, "அம்மா, கொஞ்சம் எந்திரிங்க" என்றான்.

"சாப்பிட்டு முடிக்கட்டும்ப்பா" என்றார் அத்தை.

"ஐயா அனுப்பினாருங்க."

"அதான் வந்துட்டியே. சாப்பிட்டியா நீ?"

கம்பு வைத்திருந்தவர்களில் ஒருவன் முன்னால் வந்தான். என் கணவர் எழுந்தார். மாமா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, தானே எழுந்து டிராக்டருக்குப் பக்கத்தில் போனார். அவர் குரல் உயரவே இல்லை.

"உளுந்து மொளைச்சிருக்கு பாரு தம்பி. நீயும் வெள்ளாமை பண்ற வீட்டுப் புள்ளதானே. பச்சைப் பயிர் மேல எப்படிப்பா ஏத்துவ?"

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உளுந்தையே பார்த்தான். அந்த நேரத்தில் கீழத்தெருவிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. ஒவ்வொருவராக வந்து வரப்பு நெடுக உட்கார்ந்தார்கள். நடவுக்கார அம்மா கடைசியாக வந்து அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க எல்லாம் எதுக்கு வந்தீங்க?" என்று கம்புக்காரன் அதட்டினான்.

"வீட்டுக்குள்ள புழுக்கமா இருந்துச்சுங்க. காத்து வாங்க வந்தோம்" என்றார் அந்த அம்மா.

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர். டிரைவர் பையனும் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வண்டியை அப்படியே பின்னால் எடுத்துக்கொண்டு போனான். கம்புக்காரர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள்.

ஆய்வாளர் இரண்டொரு நாளில் வந்தார். உளுந்தைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கயிற்றுக்கட்டிலில் என்னைப் பார்த்தார். வரப்பில் இருந்தவர்களை விசாரித்து எழுதிக்கொண்டு, "சரி, இனிமே நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றார். எங்கள் எல்லோருக்கும் உயிர் வந்தது. மாமா முகம் மட்டும் வாடியது.

"பந்தல் போட்டது போட்டாச்சு. இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமா?"

நாங்கள் அத்தையைப் பார்த்தோம். அவர் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

குத்தகை எங்கள் பேரில் பதிவானது. எனக்கு மகன் பிறந்தான், பின்னால் ஒரு மகள். நாத்தனாரைக் கட்டிக்கொடுத்தோம், கொழுந்தன் வேலைக்கு வெளியூர் போனான். கூடை மட்டும் வயலுக்குப் போவது நிற்கவில்லை.

பல வருஷம் கழித்து, ஒரு ஐப்பசியில், அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் வைத்துப் பார்த்தோம். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு குழறித் திரும்பியது. வீட்டுக்குக் கூட்டிவந்து, கூடத்தை ஒட்டிய அறையில் படுக்கவைத்தோம். மாமாவுக்கு இதற்கு வைத்தியம் என்ன என்பதில் சந்தேகமே கிடையாது. நாலு ஆட்களைச் சொல்லி வைத்தார். தினமும் காலையில் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் ஆற்றங்கரை அரசமரத்தடியில் வைப்பது, சாயங்காலம் தூக்கிவருவது. நல்ல காற்று பட்டால் ஒரு மாதத்தில் எழுந்துவிடுவாள் என்றார். ஆட்களும் வந்து வாசலில் நின்றார்கள்.

அவர் அறைக் கதவருகே நின்று, "கிளம்பலாமா?" என்று கேட்டார்.

அத்தை இடது கையை அசைத்து வேண்டாம் என்றார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, இழுத்து இழுத்துச் சொன்னார்.

"எனக்கு... வெளியில... பிடிக்காது."

"என்ன பிடிக்காது?"

"வெயிலு பிடிக்காது. மணலு பிடிக்காது. வெயில்ல போனா... தலைவலி வரும் எனக்கு. எப்பவும் வரும்."

அவருக்குப் புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நோயில் ஏதோ பேசுகிறாள் என்று நான் சொல்ல வேண்டுமென்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. நான் அத்தையைப் பார்த்தேன்.

"இத்தனை வருஷமா வந்தியே?"

"நீங்க... தனியா சாப்பிட மாட்டீங்க."

"சொல்லியிருக்கலாமே."

அத்தையின் கோணிப்போன வாயில் பாதிச் சிரிப்பு வந்தது. "கேட்டீங்களா?" என்றார்.

மாமா வாசலுக்குப் போய் ஆட்களை அனுப்பிவிட்டார். திரும்பி வந்து அறைக்குள் நுழையும்போது நிலையில் தலையை இடித்துக்கொண்டார். அந்த நிலை தாழ்வு என்பது அவருக்குப் பழக்கமில்லை. கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தார். வெளிச்சம் அத்தையின் கண்ணில் படுகிறதென்று எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"இந்த ஜன்னலுக்கு எப்பம்மா கம்பி போட்டாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"நீங்கதான் மாமா போட்டீங்க, வீடு கட்டும்போதே."

அத்தை சிரித்த சத்தம் நான் அடுப்படிக்குப் போன பிறகும் கேட்டது.

அதற்குப் பிறகு அவர் வெளியே போகவில்லை. மழைக்காலம் முழுக்க அந்த அறையில்தான் இருந்தார். வீட்டுக்குள் அவரை வைத்துச் சமாளிப்பது லேசாக இல்லை. ஓடு சத்தம் போடுகிறது என்பார். அடுப்புப் புகை வருகிறது என்பார். மூச்சு வாங்கும்போது எழுந்து அறைக்குள்ளேயே நடப்பார். அத்தைக்குக் கஞ்சி ஊட்டுவது, கால் பிடித்துவிடுவது எல்லாம் அவர்தான். தன் சாப்பாட்டையும் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். அந்த வருஷத்து அறுவடைக்கு, மாடியில் வளர்ந்த நான்தான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போனேன்.

அறுப்பு முடிந்த அன்று பொழுது சாய வீட்டுக்கு வந்தேன். கால் சேற்றோடு வாசலில் நிற்கும்போதே அறைக் கதவு திறந்தது. மாமா குனிந்து, இடித்துக்கொள்ளாமல் வெளியே வந்து கதவை ஒருக்களித்தார். என் காலில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பசி இருந்தது.

"வாய்க்கால் எப்படிம்மா இருக்கு? நாரை எல்லாம் எறங்கியிருக்கா?"

நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் விரலை உதட்டில் வைத்தார்.

"மெதுவா சொல்லு. இப்பத்தான் தூங்கறா."